பழைய கொண்டோவும் புதிய குடியேறியும்: டொராண்டோவில் கூட்டுரிமைக் குடியிருப்பின் சட்ட, சமூக வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

கனடாவின் ஒண்டாரியோ மாகாணம் 1967-இல் இயற்றிய கொண்டோமினியச் சட்டம், அடுக்குமாடிக் கட்டடத்தில் உள்ள ஒரு வீட்டைத் தனி நிலத்தைப் போலவே வாங்கவும் விற்கவும் வழிசெய்தது. அயலாரின் ஒப்புதல் இன்றி எவரும் வாங்கலாம் என்ற திறப்பையும், அயலாரோடு சேர்ந்து கட்டடத்தின் முதுமைக்குப் பணம் செலுத்தியே தீரவேண்டும் என்ற கட்டினையும் அச்சட்டம் ஒருங்கே உருவாக்கியது. பல இனத்தவர் வாழும் டொராண்டோப் புறநகர்களில் பழைய கொண்டோ வீடுகளைப் பிற்காலத்தில் வாங்கிய குடியேறிகளிடம், முந்தைய உரிமையாளர்கள் செலுத்தாது விட்ட பராமரிப்புச் செலவும் கைமாறியது என்பதை இக்கட்டுரை சட்ட வரலாற்றின் வழி ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கொண்டோமினியம், டொராண்டோ, காப்பு நிதி, குடியேற்றம், தேசவழமை, ஈழத்தமிழர்.

முன்னுரை

டொராண்டோ நகர மக்களில் 46.6 விழுக்காட்டினர் பிற நாடுகளிலிருந்து குடியேறியவர்கள் என 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு கூறுகிறது. இவர்களுள் ஒரு பகுதியினர் முதன்முதலாக வாங்கிய சொத்து, 1970களிலோ 1980களின் தொடக்கத்திலோ கட்டப்பட்ட கொண்டோ வீடு. பரப்பளவு மிகுதி, விலை குறைவு, பள்ளியும் கடையும் வழிபாட்டிடமும் அருகில். இவற்றோடு மாதந்தோறும் செலுத்தவேண்டிய பராமரிப்புக் கட்டணமும் உண்டு. அது மட்டும் குறைவாக இருப்பதில்லை.

விலை குறைவாகவும் கட்டணம் மிகையாகவும் இருப்பதைச் சந்தையின் இயல்பு என்று கூறிக் கடந்துவிடுவது எளிது. புலம்பெயர்ந்தோரின் குடியிருப்பு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் வாடகை, நெரிசல், வறுமை ஆகியவற்றையே பேசுகின்றன. சொந்த வீட்டின் உள்ளே மறைந்திருக்கும் கூட்டுக் கடன் அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. இக்கடன் எவ்வாறு உருவானது, யார் கையிலிருந்து யார் கைக்கு மாறியது என்ற வினாவுக்கு விடை காண, கட்டடங்கள் எழுவதற்கு முந்தைய காலத்து நிலப் பத்திரங்களிலிருந்தே தொடங்கவேண்டியுள்ளது.

நிலத்தோடு ஓடும் வாக்குறுதிகள்

ஆங்கிலேயப் பொதுச் சட்ட மரபில், நிலத்தை விற்பவர் வாங்குபவரிடம் பெறும் வாக்குறுதிகள் இருவகைப்படும். ஒன்றைச் செய்யமாட்டேன் என்பது முதல்வகை; ஒன்றைச் செய்வேன் என்பது இரண்டாம் வகை. 1848-இல் தீர்க்கப்பட்ட டல்க் எதிர் மாக்ஸ்ஹே வழக்குக்குப் பிறகு, செய்யமாட்டேன் என்ற வாக்குறுதி உரிய நிபந்தனைகளுக்குட்பட்டு நிலத்தோடு ஓடி, அதைப் பின்னர் வாங்குவோரையும் கட்டுப்படுத்தலாயிற்று. செய்வேன் என்ற வாக்குறுதிக்கு, குறிப்பாகப் பணம் செலவிட்டுப் பழுதுபார்ப்பேன் என்ற வாக்குறுதிக்கு, அந்த ஆற்றல் இல்லை. 1885-இல் ஆஸ்டர்பெரி எதிர் ஓல்டம் நகராட்சி வழக்கு இதனை உறுதி செய்தது.

இப்பாகுபாடு வெறும் சட்ட நுணுக்கம் போலத் தோன்றலாம். டொராண்டோவின் சமூக வரலாற்றில் அதன் விளைவு பெரிது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் யூதர்க்கும் கறுப்பினத்தவர்க்கும் ‘விரும்பத்தகாத’ பிற நாட்டினர்க்கும் விற்கமாட்டேன் என்ற வரி நிலப் பத்திரங்கள் பலவற்றில் இடம்பெற்றது. அது முதல்வகை வாக்குறுதி. எனவே நிலத்தோடு ஓடும் என்று வாதிடுவதற்கு இடமிருந்தது. கிழக்கு யார்க்கில் தொழிலாளர் கல்விச் சங்கம் ஒன்று வாங்கிய மனையின் பத்திரத்தில் இருந்த அத்தகைய தடையை, 1945-இல் டிரம்மண்ட் ரென் வழக்கில் நீதிபதி கெய்லர் மக்கே பொதுக் கொள்கைக்கு மாறானது எனக் கூறிச் செல்லாததாக்கினார். ஹ்யூரான் ஏரிக்கரையின் கோடை வீடு ஒன்றைப் பற்றிய நோபிள் எதிர் ஆலி வழக்கில், 1950 நவம்பரில் கனடிய உச்ச நீதிமன்றமும் அத்தகைய தடை செல்லாது என்றது. அத்தீர்ப்பு சமத்துவத்தைப் பேசவில்லை. தடையின் சொற்கள் தெளிவற்றவை, அது நிலத்தின் பயன்பாட்டைத் தொடுவதன்று என்ற குறுகிய காரணங்களையே சார்ந்து நின்றது. அதே ஆண்டில் ஒண்டாரியோ சட்டமன்றம், இனத்தையும் சமயத்தையும் காரணமாக்கும் புதிய தடைகள் செல்லா எனச் சட்டத்தைத் திருத்தியது. மாகாணத்தின் மனித உரிமைச் சட்டத் தொகுப்பு 1962-இல் வந்தது.

ஆக, அயலாரை விலக்கும் வாக்குறுதியை நிலத்தோடு ஓடவிட்ட சட்டம், அயலாரோடு சேர்ந்து கூரையைப் பழுதுபார்க்கும் வாக்குறுதியை ஓடவிடவில்லை. 1950-இல் முன்னது முறிந்தது. பின்னதற்கு இன்னும் 17 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

1967

தளத்தின் மேல் தளமாக அமைந்த வீடுகளைத் தனித்தனியே விற்பதற்குப் பெருந்தடையாக இருந்தது இந்த ஓடாத வாக்குறுதியே. பத்தாம் மாடியில் வீடு வாங்குபவர் மின்தூக்கிக்கும் கூரைக்கும் பங்கு செலுத்துவதாக ஒப்புக்கொள்ளலாம். அவரிடமிருந்து வாங்குபவரை அந்த ஒப்புதல் கட்டுப்படுத்தாது. கடன் கொடுப்போர் எவரும் இத்தகைய சொத்தை நம்பமாட்டார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 1961-இல் தனிச் சட்டம் இயற்றி இச்சிக்கலைத் தீர்த்தது. ஒண்டாரியோவும் சிங்கப்பூரும் 1967-இல் அதே முடிவுக்கு வந்தன. இலங்கையில் 1973-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்கச் சட்டமும், தமிழ்நாட்டில் 1994-ஆம் ஆண்டின் அடுக்குமாடி உரிமைச் சட்டமும் இந்த வரிசையில் பின்னர் வந்தவை.

ஒண்டாரியோச் சட்டத்தின் அமைப்பு எளிமையானது. ஒரு வீட்டின் உரிமையும், பொதுப் பகுதிகளில் பிரிக்கப்படாத ஒரு பங்கும் பிணைக்கப்பட்டு ஒரே சொத்தாயின. ஒன்றை விட்டு மற்றொன்றை விற்க இயலாது. கட்டடத்தின் தொடக்க ஆவணம் பதிவு செய்யப்பட்டதும் உரிமையாளர் அனைவரையும் உறுப்பினராகக் கொண்ட ஒரு கழகம் தானாகவே பிறக்கும். செலவில் ஒவ்வொருவரின் விகிதமும் அந்த ஆவணத்திலேயே எழுதப்பட்டிருக்கும். செலுத்தத் தவறினால் கழகத்திற்கு அவ்வீட்டின் மீது பற்றுரிமை உண்டு. இன்றைய சட்டத்தில் உரிய காலத்தில் பதிவு செய்யப்பட்ட அப்பற்றுரிமை, வங்கியின் அடமானத்தையும் முந்தி நிற்கும். பொதுச் சட்டம் மறுத்த அந்த வாக்குறுதி, சட்டமன்றத்தின் ஆணையால் நிலத்தோடு ஓடத் தொடங்கியது.

அதே 1967-இன் அக்டோபரில் கனடிய நடுவண் அரசு குடியேற்றத்தில் புள்ளி முறையைக் கொண்டுவந்தது. பிறந்த நாட்டையும் நிறத்தையும் பார்த்துத் தெரிவு செய்த பழைய வழக்கம் விலகி, கல்வி, தொழில்திறன், மொழியறிவு ஆகியவை அளவுகோலாயின. இரு சட்ட மாற்றங்களுக்கும் இடையே நேரடித் தொடர்பு எதுவுமில்லை. ஒன்றை உருவாக்கியோர் மற்றொன்றை நினைத்திருக்கவும் மாட்டார்கள். ஆயினும் ஆசிய, ஆப்பிரிக்க, கரீபிய நாடுகளிலிருந்து வந்தோர் டொராண்டோவில் வீடு தேடத் தொடங்கிய காலத்தில், எவர்க்கும் விற்கத்தக்க ஒரு புதுவகைச் சொத்து அங்கு உருவாகிக்கொண்டிருந்தது.

பூங்கா நடுவே கோபுரங்கள்

டொராண்டோவையும் அதைச் சூழ்ந்த 12 ஊராட்சி அமைப்புகளையும் இணைத்து 1953-இன் சட்டத்தால் பெருநகர அரசு உருவாக்கப்பட்டது. தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் விரைவுச்சாலையும் புறநகர்களுக்கு நீண்டன. வட அமெரிக்காவில் பிற நகரங்களின் புறநகர்கள் பெரும்பாலும் தனி வீடுகளால் நிரம்பிய காலத்தில், டொராண்டோவின் புறநகர்களில் தனி வீடுகளுக்கு இடையே உயர்ந்த காங்கிரீட் கோபுரங்களும் எழுந்தன. குதிரைப் பந்தயத் திடலாக இருந்த தார்ன்கிளிஃப் பார்க், அதற்கருகே ஃபிளெமிங்டன் பார்க், நகர மையத்தில் செயிண்ட் ஜேம்ஸ் டவுன் என இவை பரவின. போருக்குப் பிந்தைய நாற்பது ஆண்டுகளில் கட்டப்பட்ட இத்தகைய குடியிருப்புக் கோபுரங்கள் இன்றைய நகர எல்லைக்குள் ஆயிரத்துக்கும் மேல்.

தொடக்கத்தில் இவை பெரும்பாலும் வாடகைக் கட்டடங்கள். 1972-இன் வரிச் சீர்திருத்தம் மூலதன ஆதாயத்திற்கு வரி விதித்தது; குடியிருக்கும் சொந்த வீட்டிற்கு விலக்களித்தது. 1975-இல் ஒண்டாரியோவில் வாடகைக் கட்டுப்பாடு வந்தது. கட்டி வாடகைக்கு விடுவதைவிடக் கட்டி விற்பதே கட்டுநர்க்கு இலாபம் என்றாயிற்று. அதே வரைபடம், அதே காங்கிரீட், அதே நிலத்தடி வாகன நிறுத்தம். பதிவு மட்டும் மாறியது. சாலையின் ஒரு பக்கத்தில் வாடகைக் கோபுரமும் மறுபக்கத்தில் கொண்டோக் கோபுரமும் நிற்கையில் வெளியிலிருந்து பார்ப்போர்க்கு வேறுபாடு தெரியாது.

கழகத்தின் பதிவுப் பெயரே அதன் காலத்தைக் காட்டும் கல்வெட்டு எனலாம். தொடக்க கால டொராண்டோக் கழகங்கள் ‘யார்க்’ என்ற பெயரோடு வரிசை எண் கொண்டவை. அடுத்து வந்தவை ‘மெட்ரோபாலிட்டன் டொராண்டோ’ என்பன. 2001-க்குப் பின் பதிவானவற்றில் ‘டொராண்டோ ஸ்டாண்டர்டு’ என்ற பெயர் பரவலாயிற்று. வயது முதிர்ந்த கொண்டோ எது என்பதைப் பத்திரத்தின் முதல் வரியிலேயே அறியலாம்.

இக்கோபுரங்கள் முதலில் ஈர்க்க எண்ணியது இளம் நடுத்தர வர்க்கத்தினரை. அவர்கள் நிலைக்கவில்லை. டேவிட் ஹல்சான்ஸ்கி 2007-இல் வெளியிட்ட ‘டொராண்டோவுக்குள் மூன்று நகரங்கள்’ என்ற ஆய்வு, 1970 முதல் 2000 வரையிலான கணக்கெடுப்புத் தரவுகளைக் கொண்டு, நகர மையமும் சுரங்க ரயில் வழியும் செல்வம் சேர்த்ததையும் வடகிழக்கும் வடமேற்கும் வருவாயில் சரிந்ததையும் காட்டியது. சரிந்த பகுதிகளே குடியேறிகள் மிகுந்த பகுதிகள். பழைய கோபுரங்கள் மிகுந்தவையும் அவையே.

தேசவழமையும் கொண்டோவும்

1983 வன்முறைக்குப் பின் கனடா இலங்கைத் தமிழர்க்கெனச் சிறப்பு ஏற்பாடுகளைச் செய்தது. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர் மீட்கப்பட்ட செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. டொராண்டோவில் தமிழரின் தொடக்க காலக் குடியிருப்பு வெல்லெஸ்லி, பார்லிமெண்ட் தெருக்களை ஒட்டிய செயிண்ட் ஜேம்ஸ் டவுன் வாடகைக் கோபுரங்கள். அங்கிருந்து ஸ்கார்பரோவுக்கும், வசதி பெருகியபின் மார்க்கம் முதலிய வெளிப்புற நகரங்களுக்கும் அவர்கள் நகர்ந்தனர். இப்பயணத்தில் வாடகைக் கோபுரத்துக்கும் தனி வீட்டுக்கும் இடைப்பட்ட படியாகப் பலர்க்கு அமைந்தது பழைய கொண்டோ.

இவர்களுள் யாழ்ப்பாணத்தவர்க்குக் கூட்டுரிமை புதிதன்று. டச்சுக்காரர் 1707-இல் எழுத்தில் தொகுப்பித்த தேசவழமை, தந்தைவழி முதுசத்தையும் தாய்வழிச் சீதனத்தையும் பகுத்துப் பேசுவது. பங்குக் காணி, பங்குக் கிணறு என்பன யாழ்ப்பாணத்தின் அன்றாட வழக்குகள். அங்கு ஒரு பங்காளி தன் பங்கைப் பிறர்க்கு விற்கும் முன் ஏனைய பங்காளிகளுக்கு அறிவித்து, வாங்கும் வாய்ப்பை முதலில் அவர்களுக்கே தரவேண்டும். இம்முற்கொள்வனவு உரிமையை 1947-ஆம் ஆண்டின் 59-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பங்காளிகளுக்கும் உரித்தாளர்க்கும் உறுதிப்படுத்தியது. காணி உறவுக்கு வெளியே போகாமல் காப்பது அதன் நோக்கம். கூட்டாக உடையவர் யார் யார் என்பதைக் கூட்டாளிகளே தீர்மானிக்கும் முறை அது.

நியூயார்க்கின் கூட்டுறவு அடுக்ககங்களும் ஒருவகையில் அதையே செய்கின்றன. அங்கு வாங்குபவர் பெறுவது வீட்டை அன்று. கட்டடத்தை உடைய நிறுவனத்தின் பங்கினை. நிருவாகக் குழு நேர்காணல் நடத்தும். காரணம் கூறாமல் மறுக்கவும் செய்யும். இனப் பாகுபாடு சட்டப்படி குற்றம் என்றாலும், காரணம் கூறப்படாத மறுப்பின் பின்னால் எது ஒளிந்திருக்கிறது என்பதை நிறுவுவது கடினம்.

ஒண்டாரியோவின் கொண்டோ இவ்விரண்டினின்றும் வேறுபட்டது. பொதுவழக்கில் வீட்டை விற்பவர் கழகத்தின் அனுமதியைக் கேட்பதில்லை. வாங்குபவரைக் கழகம் நேர்காணுவதில்லை. பணமும் கடன் தகுதியும் போதும். தமிழர், சோமாலியர், பிலிப்பினோக்கள், கயானியர், சீனர் எனப் பலரும் ஒரே தளத்தில் அடுத்தடுத்த கதவுகளின் பின்னே உரிமையாளராக வாழ்வதற்கு இத்திறப்பே சட்ட அடிப்படை. குடியேறிகளைப் பற்றிய எழுத்துகளில் பல்லினப் பண்பு பெரும்பாலும் 1971-இன் பன்பண்பாட்டுக் கொள்கைக்கே வரவு வைக்கப்படுகிறது. பத்திரப் பதிவின் பங்கையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

ஆனால் யாழ்ப்பாணப் பங்காளி, தான் யாரோடு சேர்ந்து கிணற்றை இறைக்கிறோம் என்பதை அறிந்திருந்தார். கிணற்றின் வயதையும் அறிந்திருந்தார்.

விலை வீழ்ச்சியும் டிக்சன் சாலையும்

டொராண்டோப் பகுதியில் வீடுகளின் சராசரி விலை 1989-இல் ஏறத்தாழ 2,73,000 டாலரைத் தொட்டு, பின்னர்ச் சரிந்து, 1996-இல் ஏறத்தாழ 1,98,000 டாலருக்கு வந்தது. விற்க இயலாத உரிமையாளர் பலர் தம் கொண்டோக்களை வாடகைக்கு விட்டனர். சோமாலிய உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி வந்தோர்க்கு, விமான நிலையத்தை நோக்கிச் செல்லும் டிக்சன் சாலையோரக் கோபுரங்களில் இவ்வாறு இடம் கிடைத்தது. அவை பதிவில் கொண்டோக்கள்; பெரும்பாலான சோமாலியக் குடும்பங்களுக்கு வாடகை வீடுகள்.

1990களின் தொடக்கத்தில் அங்கு எழுந்த பூசல் நாளிதழ்களிலும் ஆய்வுகளிலும் பதிவாகியுள்ளது. வீடுகளில் நெரிசல் மிகுந்துவிட்டது, பொதுப் பகுதிகள் தேய்கின்றன, செலவு ஏறுகிறது என்பது குடியிருந்த பழைய உரிமையாளர் சிலரின் குறை. தனியார் காவலர் தம்மையும் தம் பிள்ளைகளையும் துன்புறுத்துகின்றனர் என்பது சோமாலியரின் குறை. இதனை இனப் பூசல் என்று மட்டும் படித்தால் பாதியே விளங்கும். கொண்டோச் சட்டத்தில் வாக்கு வீட்டின் உரிமையாளர்க்கே உரியது. அங்கு வாழ்வோர்க்கு, அவர் வாடகையாளர் எனில், வாக்கில்லை. கட்டடத்தைப் பயன்படுத்துவோர் ஒருவர். அதன் விதிகளை எழுதுவோர் இன்னொருவர். வாடகையைப் பெற்றுக்கொண்டு கூட்டத்திற்கு வராத முதலீட்டாளர் மூன்றாமவர். பராமரிப்புக் கட்டணத்தை உயர்த்த மூன்றாமவர்க்கு விருப்பமில்லை. இம்மூவகையினர் ஒரு கட்டடத்தில் கூடும்போது, முதலில் தள்ளிப்போடப்படுவது பழுதுபார்ப்பு.

காங்கிரீட்டின் வயது

1970களின் கோபுரத்தில் எது எப்போது பழுதாகும் என்பது பெரும்பாலும் முன்கூட்டியே கணிக்கத்தக்கது. வெப்பக் காப்பற்ற சுவர்கள். தளத்தின் காங்கிரீட்டே வெளியே நீண்டு பால்கனியாக அமைவதால் குளிர்காலத்தில் அதன் வழியே கசியும் வெப்பம். கொதிகலன், மின்தூக்கி, ஒவ்வொரு தளத்தையும் துளைத்து மேலேறும் தண்ணீர்க் குழாய்கள். 1960களின் நடுப்பகுதி முதல் 1970களின் இறுதிவரை கட்டப்பட்ட வீடுகள் பலவற்றில் அலுமினிய மின்கம்பி உண்டு. அதன் இணைப்புகள் தளர்ந்து சூடேறும் என்பதால் காப்புறுதி நிறுவனங்கள் மின் ஆய்வறிக்கை கேட்கின்றன.

எல்லாவற்றினும் செலவு மிக்கது நிலத்தடி வாகன நிறுத்தம். பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு, கார்ச் சக்கரங்களோடு உள்ளே வருகிறது. உருகிய உப்புநீர் காங்கிரீட்டில் ஊறி உள்ளிருக்கும் இரும்புக் கம்பியைத் துருவேற்றுகிறது. துரு பருத்துக் காங்கிரீட்டைப் பிளக்கிறது. இதனை எதிர்கொள்ள வாகன நிறுத்தக் கட்டமைப்புகளுக்கெனக் கனடியத் தரநிலைச் சங்கம் தனித் தரநிலையை 1987-இல்தான் வெளியிட்டது. அதற்கு முன் கட்டப்பட்டவை இப்பாதுகாப்பு நெறிகள் இன்றியே எழுந்தவை.

200 வீடுகள் கொண்ட ஒரு கட்டடத்தில் இப்பணிக்கு 40,00,000 டாலர் ஆகிறது என ஓர் எடுத்துக்காட்டுக்குக் கொள்வோம். சம பங்கெனில் வீட்டுக்கு 20,000 டாலர். 25 ஆண்டுகளாகச் சேமித்திருந்தால் ஒரு வீட்டுக்கு மாதம் 67 டாலர் போதும். சேமிக்காதிருந்தால், தளம் விரிசல்விடும் ஆண்டில் உரிமையாளராக இருப்பவரே முழுத் தொகையையும் செலுத்தவேண்டும். இதுவே சிறப்பு வசூல் எனப்படுவது. 25 ஆண்டுகள் அங்கு வாழ்ந்து, காரை நிறுத்தி, சென்ற ஆண்டு விற்றுச் சென்றவர் ஒன்றும் செலுத்துவதில்லை.

வாடகைக் கட்டடத்தில் நிலை வேறு. 2018 ஆகஸ்டில் செயிண்ட் ஜேம்ஸ் டவுனின் 650 பார்லிமெண்ட் தெருக் கோபுரத்தில் ஏற்பட்ட மின்தீ, 1,500 பேரளவில் வீட்டை விட்டு வெளியேற்றி, ஓராண்டுக்கும் மேல் திரும்ப முடியாமல் செய்தது. அம்மக்கள் பட்ட துன்பம் பெரிது. கட்டடத்தைச் சீரமைக்கும் செலவு மட்டும் அவர்களுடையதன்று. கொண்டோவில் துன்பமும் செலவும் ஒரே வீட்டுக்கு வந்து சேர்கின்றன.

1978-இன் கொண்டோமினியச் சட்டம் காப்பு நிதியைக் கட்டாயமாக்கியது. எவ்வளவு சேர்த்தால் போதும் என்பதைத் துறைவல்லாரைக் கொண்டு கணிக்கவேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. கட்டணம் குறைவாக இருந்தால் வீடு எளிதில் விற்கும். நிருவாகக் குழுவும் அடுத்த தேர்தலில் வெல்லும். எனவே நிதி சிறுத்தே இருந்தது. 1998-இல் நிறைவேறி 2001 மே 5-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமே காப்பு நிதி ஆய்வைக் கட்டாயமாக்கியது. பொறியாளர் போன்ற தகுதியுடையோர் கட்டடத்தின் ஒவ்வொரு பொது உறுப்பின் எஞ்சிய ஆயுளையும் மாற்றுச் செலவையும் கணித்து, 30 ஆண்டுகளுக்கான வரவு செலவுத் திட்டம் வகுக்கவேண்டும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அது புதுப்பிக்கப்படவேண்டும்.

இந்த நாள் கவனத்திற்குரியது. முதல் கொண்டோச் சட்டத்திற்கும் இதற்கும் இடையே 34 ஆண்டுகள். 1970களின் கட்டடங்கள் அப்போது கொதிகலனையும் குழாயையும் மாற்றவேண்டிய வயதை எட்டியிருந்தன. முதல் தலைமுறை உரிமையாளர் பலர் விற்றுச் சென்றுவிட்டனர். ஆய்வறிக்கை பற்றாக்குறையைக் காட்டியதும் கட்டணம் உயர்ந்தது. உயர்ந்த கட்டணத்தைச் செலுத்த எஞ்சியிருந்தோர் பிற்காலத்தில் வாங்கியவர்கள். டொராண்டோவின் வடகிழக்கிலும் வடமேற்கிலும் அவர்களுள் பலர் குடியேறிகள். சட்டம் யாரையும் இனம் பார்த்துத் தண்டிக்கவில்லை. வரிசையில் கடைசியாக வந்தவரிடம் கணக்கைக் கொடுத்தது. கடைசியாக வந்தவர் யார் என்பதைக் குடியேற்ற வரலாறு முன்பே முடிவுசெய்திருந்தது.

விலையின் கணக்கு

பழைய கொண்டோவின் விலை ஏன் குறைகிறது என்பதற்கு விடை இங்கேயே உள்ளது. ஒரே அளவுள்ள இரு வீடுகளில் ஒன்றின் மாதக் கட்டணம் 500 டாலர், மற்றொன்றின் கட்டணம் 1,000 டாலர் எனக் கொண்டால், வேறுபாடு ஆண்டுக்கு 6,000. 25 ஆண்டுகளில் 1,50,000 டாலர். கனடிய வங்கிகள் கடன் தகுதியைக் கணிக்கையில் கொண்டோக் கட்டணத்தில் பாதியை மாதச் செலவாகக் கொள்கின்றன. கட்டணம் ஏற ஏற வாங்குபவர் பெறத்தக்க கடன் சுருங்குகிறது. விலையும் அதற்கேற்ப இறங்குகிறது. மலிவு என்று தோன்றுவதில் ஒரு பகுதி, தவணை முறையில் செலுத்தவேண்டிய விலையே.

இதற்கு ஒரு விலக்கும் கூறவேண்டும். பழைய கோபுரங்களில் மின்சாரம், வெப்பம், தண்ணீர் ஆகியவற்றுக்குக் கட்டடம் முழுமைக்கும் ஒரே அளவி இருப்பது வழக்கம். அக்கட்டணங்களும் பராமரிப்புத் தொகையில் அடங்கும். புதிய கோபுரங்களில் அவை தனி. இரு தொகைகளையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிடுவோர் பழைய வீட்டுக்கு அநீதி இழைக்கின்றனர். உயர்ந்த கட்டணம் சில வேளைகளில் நல்ல நிருவாகத்தின் அடையாளம். மிகக் குறைந்த கட்டணம், சிறப்பு வசூல் இனிமேல் வரவிருக்கிறது என்பதன் அறிகுறியாகவும் இருக்கலாம்.

இவற்றைப் பிரித்தறிய ஒண்டாரியோச் சட்டம் தரும் கருவி நிலைச் சான்றிதழ். 100 டாலருக்கு மிகாத கட்டணம் பெற்று 10 நாளுக்குள் கழகம் இதனை வழங்கவேண்டும். வீட்டின் மீதுள்ள நிலுவை, காப்பு நிதியின் இருப்பு, நடக்கும் வழக்குகள், கட்டண உயர்வுக்கோ சிறப்பு வசூலுக்கோ காரணமாகக்கூடிய சூழ்நிலைகள் ஆகியவை அதில் இடம்பெறும். அதில் கூறியதைக் கழகம் பின்னர் மறுக்க இயலாது. சான்றிதழை வழக்கறிஞர் படித்து முடிக்கும்வரை வாங்கும் ஒப்பந்தம் நிபந்தனைக்குட்பட்டதாக இருப்பது பழைய நடைமுறை. சந்தை சூடேறிய ஆண்டுகளில் அந்த நிபந்தனையைக் கைவிட்டவர்க்கே வீடு கிடைத்தது. ஆங்கிலத்தில் அமைந்த நூறு பக்கச் சட்ட ஆவணத்தைப் புரிந்துகொள்ளும் வாய்ப்பு முதன்முறை வாங்கும் குடியேறிக்கு எந்த அளவுக்கு இருந்தது என்பதையும் இதனோடு சேர்த்தே எண்ணவேண்டும்.

வாக்கும் கலைப்பும்

கழகத்தின் கூட்டம் செல்லுபடியாக 25 விழுக்காடு வீடுகளின் வருகை வேண்டும். இரவுப் பணிக்குச் செல்வோரும் இரு வேலை பார்ப்போரும் மிகுந்த கட்டடங்களில் அதுவே எட்டாத எண்ணிக்கையாயிற்று. 2015-இல் நிறைவேறி 2017-இல் நடைமுறைக்கு வந்த திருத்தங்கள், மூன்றாம் முயற்சியில் 15 விழுக்காடு போதும் எனத் தளர்த்தின. நிருவாகக் குழுவினர்க்குப் பயிற்சி கட்டாயமாயிற்று. பூசல்களைக் கேட்கத் தீர்ப்பாயமும் உருவானது. நிருவாகம் முற்றிலும் சீர்குலைந்த கட்டடத்திற்கு உயர் நீதிமன்றம் நிருவாகியை அமர்த்தலாம் என்ற விதி முன்பே உண்டு. அந்நிருவாகிக்கான ஊதியமும் உரிமையாளரின் கட்டணத்திலிருந்தே செல்கிறது.

1970களின் முதற்பாதியில் எழுந்த கோபுரங்கள் இன்று 50 வயதைக் கடந்துவிட்டன. பழுதுபார்க்கும் செலவு வீடுகளின் மதிப்பை நெருங்கும் நிலையில், கட்டடத்தை வைத்திருப்பதா கலைப்பதா என்ற வினா எழும். ஒண்டாரியோச் சட்டப்படி கழகத்தைக் கலைக்க 80 விழுக்காடு வீடுகளின் வாக்கும், அடமானம் வைத்திருப்போர் முதலிய பதிவுற்ற உரிமைக்காரரில் 80 விழுக்காட்டினரின் ஒப்புதலும் வேண்டும். கடனை அடைத்து முடித்த முதியவரும், சென்ற ஆண்டு வாங்கிய இளம் குடும்பமும், வேறு நகரில் வாழும் முதலீட்டாளரும் ஒரே வாக்குப்பெட்டியில் இதனைத் தீர்மானிக்கவேண்டும். கலைப்புப் பதிவானதும் வீடு என்ற தனிச் சொத்து மறைகிறது. உரிமையாளர் அனைவரும் அந்நிலத்தின் கூட்டு உரிமையாளராகி, தொடக்க ஆவணத்தில் எழுதப்பட்ட அதே விகிதத்தில், பிரிக்கப்படாத பங்கினை உடையவர் ஆகின்றனர்.